பச்சை எண்ணெயும் பெரியப்பா காலும்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல நின்னு அரியக்குடிக்கு வழி கேட்டுப் பாருங்க. வழி சொல்றவர் கூடவே ஒரு கேள்வியும் கேட்பார்: "பூட்டு வாங்கவா தம்பி, பெருமாளைப் பாக்கவா?" எங்க ஊரைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சது பூட்டு, குத்துவிளக்கு, தென் திருப்பதின்னு சொல்ற திருவேங்கடமுடையான் கோயில். சங்கீதம் தெரிஞ்சவங்களா இருந்தா 1890-ல பொறந்த ராமானுஜ ஐயங்கார் பேரையும் சேர்த்துப்பாங்க. ஊருக்குள்ளயே வளர்ந்த எங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். புண்ணு.

சிரிக்காதீங்க. பித்தளை வேலை நடக்கிற எந்தப் பட்டறைக்குள்ளயும் போய் அங்க இருக்கிற கைகளைப் பாருங்க. அரம் வழுக்கின கோடு, உலைச் சூடு தெறிச்ச புள்ளி, விளக்கைக் கடையும்போது சுருள் சுருளா விழுற சீவல் கிழிச்ச தழும்பு. வார்ப்பிலிருந்து எடுத்த விளக்குல ஓரமா நிக்கிற பிசிறு பிளேடை விட மோசம். அதனால பட்டறைக்காரங்க வீட்டுல சாமி மாடத்துக்குப் பக்கத்துலயோ, அடுப்படி அலமாரியிலயோ ஒரு பாட்டில் கண்டிப்பா இருக்கும். உள்ளே கரும்பச்சையா ஒரு எண்ணெய். எங்க அப்பத்தா அதைப் "பச்சை எண்ணெய்"னு மட்டும்தான் சொல்லும். அது சித்த மருத்துவத்துல பேர்போன மத்தன் தைலம்னு நான் தெரிஞ்சுக்கிட்டது காலேஜுக்கு வந்த பிறகு.

மத்தன்னா ஊமத்தை. ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், துருசு இந்த மூணும்தான் சரக்கு. துருசுன்னா யாருக்கும் தெரியாது, மயில்துத்தம்னா கொஞ்சம் பேருக்குத் தெரியும், காப்பர் சல்பேட்னா நம்ம எல்லாருக்கும் தெரியும். முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப்ல ப்யூரெட்டும் கையுமா நின்னு "எண்ட் பாயின்ட் வந்துருச்சா மச்சான்"னு பக்கத்துல கேட்டோமே, அதே நீலப் படிகம். சாறுல இருக்கிற தண்ணி முழுக்க வத்துற வரைக்கும் காய்ச்சி வடிகட்டுவாங்க. ஆறாத புண்ணு, குழி விழுந்த புண்ணு, சர்க்கரைக்காரங்க கால் புண்ணுன்னு சித்த மருத்துவர்கள் இன்னைக்கும் மேலுக்கு மட்டும் போடுறாங்க.

இங்க ஒரு கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவனோட சின்ன ஆசையை நீங்க பொறுத்துக்கணும். இலையோட பச்சைக்குக் காரணமான குளோரோபில் மூலக்கூறு நடுவுல ஒரு மெக்னீசியம் உட்கார்ந்திருக்கும். அதைத் தள்ளிட்டு அந்த இடத்துல செம்பு உட்கார்ந்தா பச்சை மங்காது. உணவுக்குப் போடுற பச்சைச் சாயம் ஒண்ணு இப்படித்தான் செய்யப்படுது. அப்பத்தா பாட்டில் மாசக்கணக்கா பச்சையாவே இருக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாற்காலிச் சண்டைதான் ஞாபகம் வரும்.

செம்பு கிருமியைக் கொல்லும்ங்கிறதுல சந்தேகம் ஒண்ணும் இல்ல. 2008-ல அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் செம்புக் கலவைகளைக் கிருமி கொல்லும் பரப்புகளாகவே பதிவு செய்துச்சு. அந்தப் பட்டியல்ல பித்தளையும் உண்டு. ஆனா துருசு காரமான சரக்கு. அழுகின சதையை அரிச்சு எடுக்கிற அதே வேகத்துல புதுசா வர்ற சதையையும் அரிக்கும். இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சுகர். மாத்திரை உண்டு, ஒழுங்கா போடுறது கிடையாது. பட்டறைக்குள்ள செருப்பு போட மாட்டார். உலை இருக்கிற இடம் அவருக்குக் கோயில் மாதிரி. போன ஐப்பசியில ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ள நடந்து வந்தவர் பின்னாலயே தரையில வட்ட வட்டமா ஈரத் தடம். அப்பத்தாதான் பார்த்துச்சு. "ஏப்பா, கால்ல என்ன?" பெரியப்பா திரும்பித் தடத்தைப் பார்த்துட்டு, "யாரோடதுத்தா இது?"ன்னு கேட்டார்.

அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படிங்க. நகக்கண் அளவுக்கு ஒரு பித்தளைச் சீவல் பாதத்துக்குள்ள ஏறியிருக்கு. எப்போ ஏறுச்சுன்னே அவருக்குத் தெரியல.

சீவலைப் பிடுங்கினாங்க, பச்சை எண்ணெயை ஊத்தினாங்க, வெள்ளை வேட்டியைக் கிழிச்சுக் கட்டினாங்க. மறுநாள் அவர் வேலைக்குப் போயிட்டார். தினம் சாயங்காலம் கட்டை அவிழ்க்காமலே மேலயே இன்னும் கொஞ்சம் எண்ணெய். வலி இல்ல, அதனால புண்ணு ஆறுதுன்னு அவர் முடிவு பண்ணிட்டார். வீட்டுக்கு வந்தவங்க ஆளுக்கொரு யோசனை. அத்தை காபித்தூள் வைக்கச் சொன்னாங்க. எதிர்வீட்டுல மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பத்துப் போடச் சொன்னாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தர் வெங்காயம் அனுப்பினார், அதாவது வீடியோ. ஒன்பதாம் நாள் தொடையிடுக்குல நெறி கட்டுச்சு, ராத்திரி காய்ச்சல். கட்டுக்குப் பக்கத்துல போனா ஒரு வாடை.

ஆஸ்பத்திரின்னா பெரியப்பா வர மாட்டேன்னுட்டார். "போனா காலை எடுத்துருவாங்க." பட்டறையில அவரோட வேலை பார்த்த ஒருத்தருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்ததை அவர் பார்த்திருக்கார், அந்தப் பயம் நியாயமானது. கடைசியில ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கிட்டார். காரைக்குடியில ஒரு ஆயுர்வேத டாக்டர், வயசானவர். அவர்கிட்டன்னா வர்றேன்.

தீபாவளி லீவுக்கு வந்திருந்ததால கூடப் போனவன் நான்தான்.

அவர் கட்டை அவிழ்க்கவே கால் மணி நேரம் எடுத்துக்கிட்டார். வெதுவெதுப்பா ஒரு கஷாயம் கொண்டுவரச் சொல்லி, அதை ஊத்தி ஊத்தித் துணியை நனைச்சு எடுத்தார். கழுவினார். மறுபடி கழுவினார். மூணாவது தடவை கழுவினபோதுதான் பச்சை போய் உள்ளே இருந்த நிறம் தெரிஞ்சுச்சு. சாம்பல். ஓரத்துல கறுப்பு. கணுக்கால்கிட்ட விரல் வச்சு நாடி பார்த்தார். சுகர் எவ்வளவுன்னு கேட்டார், யாருக்கும் தெரியல. மருந்து அலமாரி பக்கம் அவர் திரும்பவே இல்ல.

"உள்ள செத்த சதை இருக்குங்க. அதை வெட்டி எடுக்கணும். இன்னைக்கே போகணும், நாளைக்குன்னு சொல்லாதீங்க."

பெரியப்பாவுக்குக் கோபம். "அதுக்கு உங்ககிட்ட எதுக்கு வந்தேன்? ஆயுர்வேதத்துல மருந்தே இல்லையா?"

"இருக்கு. செத்த சதை உள்ள இருக்கும்போது மேல மருந்து போடக்கூடாதுன்னு அதுலயேதான் போட்டிருக்கு."

போனோம். ஆஸ்பத்திரியில சுகர் நானூறைத் தொட்டிருந்துச்சு. இன்சுலின், ஊசி வழியா ஆன்டிபயாட்டிக், ரெண்டு தடவை அழுகலை வெட்டிச் சுத்தம் பண்ணினாங்க. சுண்டுவிரல் போச்சு. பாதம் மிச்சம். ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா முழங்கால் கணக்கைப் பேச வேண்டியிருந்திருக்கும்னு சர்ஜன் சொன்னார். அதை அவர் பெரியப்பாவைப் பார்த்துச் சொல்லல, எங்களைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வைத்தியர் சொன்ன "அதுலயேதான் போட்டிருக்கு" எனக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் தேடினேன். சுஸ்ருத சம்ஹிதையைக் கவிராஜ் குஞ்ஜலால் பிஷக்ரத்னா 1907-லிருந்து 1916-க்குள்ள மூணு பாகமா இங்கிலீஷ்ல போட்டிருக்கார், இணையத்துல இலவசமாவே கிடைக்குது. மூக்கறுந்தவங்களுக்கு மூக்கு ஒட்ட வச்ச கதையைத்தான் நாம எல்லாரும் கேட்டிருப்போம். உள்ளே போய்ப் பார்த்தா, புத்தகத்துல திரும்பத் திரும்ப வர்ற விஷயம் புண்ணு. 'விரணம்'னு சொல்றாங்க, நம்ம 'ரணம்' அங்கிருந்து வந்ததுதான்.

புண்ணுக்கு அறுபது விதமான சிகிச்சை முறைகளை சுஸ்ருதர் வரிசையா அடுக்குறார். அறுபதுல எண்ணெயும் ஒண்ணு, நெய்யும் ஒண்ணு, பத்தும் ஒண்ணு. ஆனா அதே பட்டியல்ல வெட்டி எடுக்கிறது, கீறி விடுறது, சுரண்டுறது, உள்ளே கம்பி விட்டு ஆழம் பார்க்கிறது, அந்நியப் பொருளைப் பிடுங்குறது, சீழைப் பிதுக்கி எடுக்கிறது, தைக்கிறது, கட்டுப் போடுறது, சாப்பாட்டு முறை எல்லாம் இருக்கு. ஆறின பிறகு வெளுத்த தழும்பைக் கறுப்பாக்குறதும், கறுத்த தழும்பை வெளுப்பாக்குறதும், அந்த இடத்துல முடி முளைக்க வைக்கிறதும் கூட இருக்கு. மனுஷன் ஒண்ணையும் விடல.

இந்த அறுபதுக்கும் அடியில ஒரு ஒழுங்கு ஓடுது. முதல்ல ஷோதனம், சுத்தம் பண்றது. பிறகு ரோபணம், ஆற வைக்கிறது. கெட்டுப்போன புண்ணுக்கு ஒரு மருந்து வரிசை, சுத்தமான புண்ணுக்கு வேற வரிசை. முதல் வரிசைக்குக் காரமானது, அரிக்கிறது, உலர்த்துறது, ரெண்டாவதுக்கு இதமானது. துருசு புதுச்சதையையும் அரிக்கும்னு சொன்னேனே, அது இங்கதான் வந்து பொருந்துது. எந்த எண்ணெய்ங்கிற கேள்விக்கு முன்னாடி, புண்ணு இப்போ எந்தக் கட்டத்துல இருக்குன்னு ஒருத்தர் கண்ணால பார்த்தாகணும். கட்டை அவிழ்க்காம மேலயே எண்ணெய் ஊத்தின எங்க வீட்டுல அந்தப் பார்க்கிற வேலையைத்தான் யாரும் செய்யல.

எப்படிப் பார்க்கிறதுன்னும் எழுதியிருக்கு. சுத்தமான புண்ணு நாக்கோட பரப்பு மாதிரி இருக்குமாம்: மிருதுவா, ஈரப்பசையா, வழவழன்னு, வலியில்லாம, சீழ் ஒழுகாம. கண்ணாடி முன்னாடி நாக்கை நீட்டிப் பாருங்க. ஆஸ்பத்திரியில மூணாவது வாரம் டிரெஸ்ஸிங் பிரிச்ச நர்ஸ் அக்கா, "இப்போ பாருங்க, ரெட்டா வந்துருச்சு, இனிமே நல்லா வளரும்"னு காட்டினது சரியா அந்த நிறம். இன்னைக்கு கிரானுலேஷன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம், ஆறிக்கிட்டு வர்ற புண்ணோட ஓரம் புறா நிறத்துல இருக்கும்னு ஒரு குறிப்பு. நான் இதைப் படிச்சது பெரியப்பா டிஸ்சார்ஜ் ஆன பிறகு. அடுத்த தடவை ஊருக்குப் போனதும் முதல் வேலையா ஓரத்தைப் பார்த்தேன். சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு மெல்லிய கரை. கோயில் கோபுரத்துல உட்கார்ந்திருக்கிற புறாவோட கழுத்துப் பக்கம் அப்படித்தான் இருக்கும்.

கழுவுறதுக்கு அவங்க வச்சிருந்தது பெரும்பாலும் கஷாயங்கள். திரிபலா: கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய். ஆல், அரசு, அத்தி மாதிரி பால் வடியிற மரங்களோட பட்டை. எல்லாம் துவர்ப்பு. துவர்ப்புன்னா டானின், அது புரதத்தை இறுக்கும், கசிவைக் குறைக்கும். தோல் பதனிடுறதும் டானின் வச்சுத்தான். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ல சுண்ணாம்போட சேர்த்துப் பூசினாங்களே, அதே கடுக்காய்தான் இதுவும். அந்தச் சுவரை இன்னைக்கும் கையால தடவிப் பார்த்தா பளிங்கு மாதிரி இருக்கும்.

நோயாளி படுத்திருக்கிற அறைக்கும் விதி உண்டு. நகத்தையும் முடியையும் ஒட்ட வெட்டியிருக்கணும், வெள்ளைத் துணி உடுத்தணும், குங்கிலியம், வெண்கடுகு, வேப்பிலை, உப்பு, நெய் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ரெண்டு வேளை பத்து நாள் புகை போடணும். ஈ வந்து உட்கார்ந்து புண்ணுல புழு வைக்கும்னும், வச்சா எதைக் கொண்டு கழுவணும்னும் வெளிப்படையாவே இருக்கு. கிருமிங்கிற சொல்லை இன்னைய அர்த்தத்துல அவங்க சொல்லல. ஆனா புண்ணு வெளியிலிருந்தும் கெடும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

என்னை நிறுத்தி வச்ச இடம் இன்னொண்ணு. யாருக்குப் புண்ணு லேசுல ஆறாதுன்னு ஒரு பட்டியல் வருது. குஷ்ட நோயாளி, விஷம் ஏறினவங்க, உடம்பு உருகிப் போறவங்க, அப்புறம் மதுமேகக்காரங்க. மதுமேகம்னா நம்ம சுகர். தொழுநோயும் சர்க்கரையும் ஒரே வரியில. ஏன் சேர்த்தாங்கன்னு காரணம் சொல்லல. அந்தக் காரணம் கிடைக்கிறதுக்கு நம்ம வேலூர் வரைக்கும் வரணும்.

1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தவர் பால் பிராண்ட்ங்கிற சர்ஜன். கொல்லிமலையில பொறந்தவர்தான். தொழுநோயாளிகளோட கை, கால் விரல்கள் தானா அழுகி விழுதுன்னு அப்போ எல்லாரும் நம்பினாங்க. அவர் பக்கத்துலயே இருந்து கவனிச்சார். நோய் சதையைத் தின்னல. நரம்பைக் கொன்னு வலியை எடுத்துட்டுப் போயிடுது. வலி இல்லாததால சூடு பட்டாலும் தெரியல, ஆணி குத்தினாலும் தெரியல, புண்ணுமேலயே நடக்கிறாங்க. நடக்க நடக்க புண்ணு பெருசாகுது. புண்ணுக்கு மேல மாவுக்கட்டு போட்டுப் பாதத்தோட பாரத்தைப் பரவலாக்கினா அது தானா ஆறுது. இதே முறையை 1930-கள்ல இலங்கையில மில்ராய் பால் செய்து பார்த்திருந்தார். பிராண்ட் பின்னால அமெரிக்காவுல கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்துதான் இந்த அறிவு சர்க்கரை நோய்க் கால் சிகிச்சைக்குள்ள பெருசா நுழைஞ்சது. இன்னைக்கும் பாதப் புண்ணுக்கு அந்தக் கட்டு நல்ல சிகிச்சைகள்ல ஒண்ணு.

"யாரோடதுத்தா இது?" அந்தக் கேள்விக்கான விளக்கம் முழுக்க இதுல இருக்கு.

கால்ல உணர்ச்சி இருக்கான்னு பார்க்கிற சோதனை நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். ஒரு நைலான் இழையைப் பாதத்துல செங்குத்தா அழுத்துவாங்க. சரியா 10 கிராம் விசைக்கு அது வளைஞ்சிடும். அதுக்கு மேல எவ்வளவு அழுத்தினாலும் விசை ஏறாது. மெல்லிய தூண் நெளியிறதுக்கு ஆய்லர் ஃபார்முலா படிச்சோமே, அதேதான். மூணு நிமிஷ வேலை. கண்ணை மூடிக்கிட்டு இழை தொடுறது தெரியுதான்னு சொல்லணும். பெரியப்பாவுக்கு இடது கால்ல ஒரு இடத்துலயும் தெரியல.

மருந்துகளைப் பத்தி நியாயமா ரெண்டு வார்த்தை சொல்லணும். முதல்ல மஞ்சள். 1995-ல அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைக் காயத்துக்குப் பயன்படுத்துறதுக்குன்னு ஒரு பேட்டன்ட் கொடுத்தாங்க. எதிர்த்துப் போனது சி.எஸ்.ஐ.ஆர். நம்ம காரைக்குடி சிக்ரி இருக்கே, 1948-ல நேரு அடிக்கல் நாட்டினது, அதோட தாய் நிறுவனம்தான். பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமா வச்சாங்க, 1997-ல பேட்டன்ட் ரத்தாச்சு. நல்ல வெற்றி. ஆனா அதை "மஞ்சள் புண்ணை ஆத்தும்னு அமெரிக்காவே ஒத்துக்கிச்சு"ன்னு ஃபார்வர்ட் பண்றாங்க பாருங்க, அது வேற கதை. அந்த வழக்குல முடிவானது இது புதுக் கண்டுபிடிப்பு இல்லைங்கிறது மட்டும்தான். வேலை செய்யுதாங்கிறது பேட்டன்ட் ஆபீஸ் தீர்க்கிற கேள்வி இல்ல.

தேன் கதை இதைவிட உறுதியானது. தேனும் நெய்யும் சுஸ்ருதரோட அறுபதுல ஒண்ணு. தேன்ல கிருமி வளர்றதுக்குத் தேவையான தண்ணி இல்ல. கொஞ்சம் நீர்த்தா அதுல இருக்கிற ஒரு நொதி மெதுவா ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக்கிட்டே இருக்கும். 2015-ல காக்ரேன் அமைப்பு இருந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசினது. மேலோட்டமான தீக்காயங்களும், ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் பிடிச்ச காயங்களும் தேன்ல சீக்கிரம் ஆறுற மாதிரித் தெரியுதுன்னு சொன்னாங்க. சர்க்கரைக்காரங்க கால் புண்ணுக்கு அப்படிச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னும் அதுலயே இருக்கு. அந்த ஆய்வுகள்ல போட்ட தேன் பெரும்பாலும் கிருமி நீக்கின தேன். பலசரக்குக் கடை பாட்டிலை எடுத்து ஊத்துறதுக்கு அது அனுமதிச் சீட்டு இல்ல.

பெரியப்பா கதையோட மிச்சம்: புண்ணு சுத்தமாகி, நாக்கு நிறம் வந்து, சர்ஜன் சரின்னு சொன்ன பிறகுதான் பழைய வைத்தியர் ஜாத்யாதி தைலம் கொடுத்தார். சார்ங்கதர சம்ஹிதையில வர்ற எண்ணெய்: பிச்சி இலை, வேப்பிலை, புங்கு, மஞ்சள், மரமஞ்சள், மஞ்சிட்டி, அதிமதுரம், நன்னாரி, கடுக்காய், தேன்மெழுகு, கூடவே மயில்துத்தம். ஆமா, நம்ம பச்சை எண்ணெயோட நீலக்கல் அங்கேயும் இருக்கு, ஆனா பத்துப் பதினஞ்சு சரக்குக்கு நடுவுல கொஞ்சமா. முழுசா மூட நாலு மாசம் ஆச்சு. எதனால ஆறுச்சுன்னு எங்க வீட்டுல இன்னும் பட்டிமன்றம் ஓடுது. இன்சுலினா, தினமும் ரெண்டு வேளை உப்புத் தண்ணியில கழுவினதா, நாலு மாசம் அந்தக் காலை ஊன விடாம உட்கார வச்சதா, எண்ணெயா? பிரிச்சுச் சொல்லணும்னா சோதனைக்கு இன்னொரு பெரியப்பா வேணும், எண்ணெய் போடாத பெரியப்பா. என்னைக் கேட்டா உட்கார வச்சதுக்குத்தான் அதிக மார்க் போடுவேன். அதுக்காக அப்பத்தா பட்ட பாடு இருக்கே!

நீங்க கேட்கலாம், காபித்தூள் வச்சு ஆறின புண்ணு எத்தனையோ இருக்கேன்னு. இருக்கு. சின்னக் காயம் எதை வச்சாலும் ஆறும், எதுவும் வைக்காட்டியும் ஆறும். காபித்தூள், டீத்தூள், சாம்பல், டூத்பேஸ்ட், மெக்கானிக் கடையில கிரீஸ் எல்லாத்துக்கும் பேர் கிடைச்சது அப்படித்தான். சிக்கல் ஆழமாக் குத்தின காயத்துல வரும். டெட்டனஸ் கிருமியோட வித்து மண்ணுல, சாணத்துல கிடக்கும். காத்துப் படாத இடத்துலதான் வளரும். குத்தின ஓட்டையைத் தூளால அடைச்சா அதுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. குழாயைத் திறந்து விட்டு ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு அஞ்சு நிமிஷம் கழுவுறது யாருக்கும் வைத்தியமாவே தோணாது. டி.டி. ஊசி கடைசியா எப்போ போட்டோம்னு நம்மள்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? ஒர்க்ஷாப்ல ஃபைலிங் பண்ணும்போது கையைக் கிழிச்சுக்கிட்ட மெக்கானிக்கல் நண்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

வீட்டுல யாருக்காவது கால்ல புண்ணு இருந்து, சுத்தி சிவந்து வீங்கினாலோ, வாடை வந்தாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெறி கட்டினாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்லாட்டியும் புண்ணு வந்த அன்னைக்கே. வலிக்கலைன்னு அவங்க சொன்னா இன்னும் வேகமா.

இப்போ பட்டறையில ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தனியா இருக்கு. உலைக்குப் பக்கத்துல மட்டும் போடுறதுக்கு, வெளியில போட்டு வர்றது இல்ல. கோயில் பிரச்சினையை பெரியப்பா இப்படித் தீர்த்துக்கிட்டார். ராத்திரி படுக்கும்போது அப்பத்தா முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடிச்சுக் காட்டும். "இந்தக் கிழவிக்கு என் கால்ல என்ன அழகு தெரியுதோ"ன்னு அவர் புலம்புவார். எழுபத்தெட்டு வயசுல கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கிற அதோட கை நடுங்காது.

கடைசியா, மத்தன் தைலத்துக்கு அளவு கேட்டு எனக்கு மெசேஜ் பண்ண நினைக்கிறவங்களுக்கு: தர மாட்டேன். ஊமத்தை விஷம், துருசும் விஷம். யூடியூப் பார்த்து ஹாஸ்டல் இண்டக்ஷன் அடுப்புல காய்ச்சுற சரக்கு இல்ல அது. நிறைய அரசு ஆஸ்பத்திரிகள்லயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கு, அங்க போய் டாக்டரைக் கேளுங்க. அவர் முதல்ல புண்ணைக் காட்டச் சொல்லுவார். கழுவிட்டுத்தான் பார்ப்பார்.